நசுங்காத நான்கு எலுமிச்சம்பழங்கள்

அத்தியாயம் பதினேழு

செல்லன் ஆறு வருடமாகத் தம்பியின் பெயரை வாய் திறந்து சொன்னதில்லை. தம்பி திவாகரனும் அண்ணன் வீட்டு வாசலை மிதித்ததில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் சேதி கொண்டுபோகிற வேலை செல்லனின் மனைவி கண்மணியின் தலையில் விழுந்திருந்தது.

வியாழக்கிழமை போன் வந்தபோதும் கண்மணிதான் எடுத்தார். திவாகரன் அடுத்த மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாராம். அவர் வடிவம் வரைந்த கடைசிக் கார் தயாராகிவிட்டதாம். விற்பனைக்கு வருவதற்கு முன்னால் எண்ணெய்ப் பனைத் தோட்டத்து முனீஸ்வரர் கோயிலில் அதற்கு ஒரு பூசை போட வேண்டும். முதல் காருக்கு அண்ணன்தான் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். கடைசிக் காருக்கும் அவர் கைதான் வைக்க வேண்டும்.

"அண்ணன் வந்து நின்னா போதும் அண்ணி. எங்கிட்ட பேசக்கூட வேணாம்" என்றார் திவாகரன்.

அரசாங்கம் பட்டம் கொடுத்து நாடே டத்தோ என்று அழைக்கிற மனிதர் இப்படிக் கெஞ்சியது கண்மணிக்குக் கஷ்டமாக இருந்தது. சோறு போடும்போது செல்லனிடம் சொன்னார். செல்லன் சாப்பிட்டார். கை கழுவினார். எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்மணி எழுந்து வந்தபோது, எவர்சில்வர் தட்டில் நான்கு எலுமிச்சம்பழங்கள் கழுவித் துடைத்து வைக்கப்பட்டிருந்தன.

பொங்கலுக்கு இன்னும் ஒரு கை அரிசியைக் கூடப் போட்டார்.

அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு ஹெல்மெட் தொங்கியது. மகன் சசிகுமாருடையது. செகிஞ்சான் அரிசி ஆலைக்கு அவன் மோட்டார்சைக்கிளில்தான் போய்வந்துகொண்டிருந்தான். லோரிகள் ஓடுகிற ரோடு, கார் வாங்குடா, கார் என்றால் எனக்குப் பயமில்லை என்று நாள் தவறாமல் நச்சரித்தது கண்மணிதான். அவன் காரும் வாங்கினான். வாங்கி ஐந்தாவது மாதம், தஞ்சோங் காராங் தாண்டி, அடைமழையில், நின்றுகொண்டிருந்த நெல் லோரிக்குப் பின்னால் கார் சறுக்கிக்கொண்டே போய்ப் புகுந்தது.

அந்தக் கார் சித்தப்பா வரைந்த கார்.

*

புக்கிட் பெருந்துங்கில் இருக்கிற கார் தொழிற்சாலையிலிருந்து கிளம்பிய வெள்ளை நிறக் கார், பெஸ்தாரி ஜெயா வழியாகக் கோலசிலாங்கூர் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டியது விஷாலினி. திவாகரனின் ஒரே மகள். மின்சாரக் கார் என்பதால் எஞ்சின் சத்தம் கிடையாது. டயர் தார் ரோட்டில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

திவாகரன் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய்ப் பனைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். இந்த மரங்களுக்குப் பின்னால் வரிசையாக இருந்த தொழிலாளர் லயத்தில்தான் அவரும் அண்ணனும் பிறந்தார்கள். அண்ணன் தோட்டத்திலேயே நின்று வேலையாட்களை மேற்பார்க்கிற மண்டோர் ஆனார். தம்பி படித்து, கார் கம்பெனியில் படம் வரைகிற கடைசி மேசையில் சேர்ந்து, அங்கிருந்து மேலே வந்தார்.

அவரை நாட்டுக்குத் தெரியவைத்தது 'பிப்பிட்' என்ற சின்னக் கார். வெளிநாட்டுக் கார் எல்லாம் குனிந்து நுழைகிற மாதிரி இருந்த காலம். சேலை கட்டிய பெண், கொசுவம் கலையாமல், தலை இடிக்காமல் ஏறி இறங்குகிற கார் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார் திவாகரன். பின்னால் சமையல் கேஸ் உருளைத் தோங்கை நிமிர்த்தி வைக்கிற அளவுக்கு இடம் விட்டார். அதிகாரிகள் சிரித்தார்கள். கார் வெளியே வந்ததும் சிரிப்பு நின்றது. தோட்டத்தில், காய்கறிப் பாசாரில், பள்ளிக்கூட வாசலில், எங்கே பார்த்தாலும் பிப்பிட். அந்தக் கதவையும் அந்த இருக்கையின் உயரத்தையும் மற்ற கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் பின்பற்றின. ஜப்பானிலிருந்து ஆட்கள் வந்து அளந்து பார்த்தார்கள்.

அந்த உயரம் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. அண்ணன் வீட்டு முற்றத்தில் பலகையால் ஒரு இருக்கை செய்து வைத்து, கண்மணி அண்ணியை உட்கார்ந்து எழச் சொல்லி, ஒரு நாள் முழுக்க அளந்தார் திவாகரன். சசி அப்போது கைக்குழந்தை. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே அண்ணி உட்கார்ந்து எழுந்தார். இன்றைக்கு நாட்டில் பாதிப் பேர் கண்மணியின் முழங்கால் உயரத்தில்தான் உட்கார்ந்து போகிறார்கள்.

"அப்பா, பெரியப்பா கேட்டா என்ன சொல்வீங்க?" என்றாள் விஷாலினி.

"என்ன கேப்பாரு?"

"யூ நோ லா, பா."

திவாகரன், மகளுக்கு மனப்பாடமாகிவிட்ட பதிலைச் சொன்னார். சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் நிறுத்துகிற பிரேக் ஒன்று இருக்கிறது. விலை கூடிய பிப்பிட்டில் அதை வைத்தார்கள். மலிவான பிப்பிட்டில் எடுத்துவிடலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது, அதற்கு ஆதரவாகப் பேசியதே திவாகரன்தான். அதையும் சேர்த்தால் விலை ஏறும், விலை ஏறினால் எங்கள் ஜனங்கள் வாங்க மாட்டார்கள், மறுபடியும் மூன்று பிள்ளைகளை முன்னும் பின்னும் வைத்துக்கொண்டு மோட்டார்சைக்கிளில்தான் போவார்கள் என்றார். தோட்டத்தில் பிறந்தவன் சொல்கிறான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

அது பொய்யும் அல்ல. பிப்பிட்டால் பிழைத்த உயிர்கள் நிறைய இருக்கும்.

"அது எனக்குத் தெரியும்பா" என்றாள் விஷாலினி. "பெரியப்பாகிட்ட மட்டும் அதைச் சொல்லாதீங்க. ப்ளீஸ்."

*

கோயில் தோட்டத்தின் ஓரத்தில், செம்மண் பாதை முடிகிற இடத்தில் இருந்தது. புக்கிட் ரோத்தான் பக்கம் குடிபோய்விட்ட பழைய தோட்டத்து ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே கூடுவார்கள். டத்தோ புதுக் கார் கொண்டுவருகிறார் என்று கேள்விப்பட்டு அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே வந்திருந்தார்கள்.

கார் வந்து நின்றதே பலருக்குத் தெரியவில்லை. முன்பு தோட்டத்து டிராக்டர் ஓட்டிய இருசப்பன் திடுக்கிட்டு ஒதுங்கினார். எல்லாரையும் கிண்டல் செய்கிற வாய் அவருக்கு.

"என்ன டத்தோ, பூனை மாதிரி வருது? இப்படிச் சத்தமில்லாம வந்து நின்னா முனி எப்படி முழிச்சுக்குவாரு? நீங்களே ரெண்டு தடவை உறுமிக் காட்டுங்க லா" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். திவாகரனும் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் பாதையில் செல்லனும் கண்மணியும் நடந்து வருவது தெரிந்தது. செல்லன் கையில் தட்டு. கண்மணி இடுப்பில் பொங்கல் பாத்திரம்.

செல்லன் தம்பியைப் பார்க்கவில்லை. விஷாலினி ஓடிவந்து காலைத் தொட்டபோது மட்டும் அவள் தலையில் கை வைத்தார். நேராகக் காரிடம் போனார். முட்டி போட்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஒரு பழத்தை வைத்தார். நான்காவதை வைத்துவிட்டு எழத் தடுமாறியபோது திவாகரன் கையை நீட்டினார். செல்லன் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. காரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அந்தக் கோயிலுக்கு ஒரு வழக்கம் உண்டு. பூசாரி கற்பூரம் காட்டி முடித்ததும், தட்டைக் குடும்பத்து மூத்தவர் கையில் கொடுப்பார். மூத்தவர் வண்டிக்கு நேர் முன்னால் நின்று தட்டைச் சுற்ற வேண்டும். கற்பூரம் எரிந்து முடிவதற்குள் வண்டி மெல்ல நகர்ந்து பழங்களின்மேல் ஏறி இறங்க வேண்டும். மூத்தவர் ஓரடி பின்னால் வைப்பார். அதோடு பூசை முடிந்தது. பழம் நன்றாக நசுங்கினால் வண்டிக்கு ஒரு குறையும் வராது என்பது நம்பிக்கை.

பூசாரி முருகையா தட்டைக் கொடுத்தார். செல்லன் காருக்கு முன்னால் போய் நின்று, தட்டைச் சுற்றினார்.

விஷாலினி காரை நகர்த்த அழுத்தினாள்.

கார் நகரவில்லை. உள்ளே ஏதோ கீச் கீச்சென்று கத்தியது. அவள் மறுபடியும் அழுத்தினாள். மறுபடியும் அதே சத்தம். கற்பூரம் சுருங்கி, கறுத்து, அணைந்தது.

முருகையா இன்னொரு கட்டி கற்பூரம் வைத்துக் கொளுத்தினார். செல்லன் மறுபடி சுற்றினார். கார் நின்ற இடத்திலேயே நின்றது. நான்கு பழங்களும் முழுசாக, மஞ்சளாக, வைத்த இடத்திலேயே இருந்தன.

"சாமி வழி விட மாட்டேங்குது" என்றார் முருகையா, மெதுவாக. அவர் கெட்ட மனிதர் இல்லை. நம்பியதைச் சொன்னார். "யாரோ மனசுல ஒண்ண வச்சுக்கிட்டு நிக்கிறாங்க போல. அதை எறக்கி வச்சிட்டு நின்னா நல்லது."

யாரும் பெயர் சொல்லவில்லை. ஆனால் எல்லோர் கண்களும் செல்லன்மேல் போயின. ஆறு வருடமாக மனதில் சுமந்ததைச் சாமி நாலு பேர் முன்னால் காட்டிக் கொடுத்துவிட்டதாக அவரே நினைத்தார் என்று, கண்மணிக்கு அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

திவாகரனுக்கும் தெரிந்தது. அண்ணனை இப்படி நிற்க விட அவருக்கு மனசு வரவில்லை. முன்னால் வந்தார். நல்ல எண்ணத்தோடுதான் வந்தார்.

"சாமி இல்ல பூசாரி. அண்ணன் மேல தப்பு இல்ல. அவர் முன்னால நிக்கிறாருல்ல, அதனாலதான் கார் போகல" என்றார். "இதுக்குக் கண்ணு இருக்கு. முன்னால ஆள் நின்னா, ஓட்டுறவங்க அழுத்தினாலும் நகராது. ஓடிக்கிட்டு இருக்கும்போதும் அப்படித்தான். இருட்டா இருக்கட்டும், மழையா இருக்கட்டும், தானே பிரேக் போட்டு நிப்பாட்டிடும். விலை கம்மியான மாடல்லயும் இது இருக்கு. அதுல மட்டும் நான் விட்டுக் கொடுக்கவே இல்ல."

கடைசி வார்த்தை வாயை விட்டுப் போன பிறகுதான் அது எங்கே போய் விழும் என்று அவருக்கு உறைத்தது.

"அட, அவ்வளவுதானா?" என்றார் இருசப்பன். "அப்ப அதை ஆஃப் பண்ணிட்டு ஏத்துங்க டத்தோ. கற்பூரம் வீணாப் போகுது."

அணைக்க முடியும். திரையில் ஓரிடத்தில் தொட்டால் போதும். எப்படியாவது இந்தப் பூசை முடிந்தால் சரி என்று விஷாலினி விரலை நீட்டினாள்.

"அதைத் தொடாதம்மா."

செல்லன்தான். கூட்டம் திரும்பியது.

"அது இருக்கட்டும்" என்றார். தட்டைக் காரின் முன்பக்கத்தில் வைத்தார். ஆறு வருடம் கழித்துத் தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

"நான் நின்னா நிக்குதா?"

"ஆமாண்ணே."

"மழையிலயும்?"

"மழையிலயும்."

"விலை கம்மியானதுலயும்?"

"அதுலயும் இருக்குண்ணே. சசிக்கு அப்புறம், அதுக்காகத்தான் கம்பெனியில எல்லார்கிட்டயும் சண்டை போட்டு…"

"அவன் உங்கிட்ட கேட்டான்" என்றார் செல்லன். குரல் உயரவில்லை. "சித்தப்பா, கூட விலை போட்டு அந்த நல்ல பிரேக் உள்ளதை எடுக்கவான்னு கேட்டான். மலிவானதே போதும்டா, ஓட்டுறவன் ஒழுங்கா ஓட்டினா எல்லாம் நல்ல கார்தான்னு சொன்ன. நான் பக்கத்துலதான் நின்னேன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் தலையாட்டினேன். இதே எடத்துல அந்தக் காருக்கும் நான்தான் பழம் வச்சேன். நாலும் நல்லா நசுங்குச்சு."

விஷாலினி கண்ணாடி வழியாக அப்பாவையே பார்த்தாள். ஜனங்கள், மோட்டார்சைக்கிள், விலை என்று எல்லாம் அவர் உதடு வரை வந்திருக்கும். வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

"ஆமாண்ணே" என்றார் திவாகரன். "சொன்னேன்."

அவ்வளவுதான் சொன்னார். செய்தித்தாளில், மேடையில், பல்கலைக்கழகத்தில் எத்தனையோ பேசிய மனிதர். அன்றைக்குத்தான் அவர் நேராக ஒன்றைப் பேசினார் என்று கண்மணிக்குத் தோன்றியது.

இருசப்பன் தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்தைக் கலைத்தார். முருகையா தேங்காயை உடைத்து, திருநீறு கொடுத்து, சீக்கிரமாக முடித்தார். யாரோ பழங்களை எடுக்கப் போனார்கள். செல்லன் கை காட்டித் தடுத்தார்.

*

ஜனங்கள் பொங்கலை வாங்கிக்கொண்டு நிழல் தேடிப் போனார்கள். வெயில் மங்கியிருந்தது. தஞ்சோங் காராங் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

திவாகரன் கோயில் தண்ணீர்க் குழாய் அருகில் தனியாக நின்றார். அவருக்கு இலை கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. கண்மணி ஒரு வாழையிலையில் பொங்கலை வைத்து மடித்து, நார் சுற்றி, அவர் கையில் கொடுத்தார்.

"காலையில ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க தம்பி."

"எனக்குப் போய் இதைக் கொடுக்க உங்களுக்கு எப்படி அண்ணி மனசு வருது?"

"உங்களுக்கும் சேர்த்துத்தான் அரிசி போட்டேன்" என்றார் கண்மணி.

மகனைப் பறிகொடுத்தவரால் அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? ஒரு கை பொங்கல் எதையும் திருப்பித் தராது. அது அவருக்குத் தெரியும். தெரிந்தே கொடுத்தார். சில பேரைக் கடவுள் அப்படிப் படைத்து வைத்திருக்கிறார்.

அப்போது கார் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. செல்லன் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தார். குனியாமல், தலை இடிக்காமல், வீட்டு நாற்காலியில் உட்காருகிற மாதிரி.

"அவனை வந்து ஓட்டச் சொல்லு" என்றார் கண்மணியிடம். "தஞ்சோங் காராங் வரைக்கும் போகணும். பிள்ளை இங்கேயே இருக்கட்டும்."

அந்த ரோட்டின் பக்கமே ஆறு வருடமாகப் போகாத மனிதர். செகிஞ்சானில் சொந்தக்காரர் கல்யாணம் என்றால்கூட ஏதாவது சாக்குச் சொல்லி வீட்டில் இருந்துவிடுவார். இன்றைக்கு எதற்கு?

ஒருவேளை மனசு இறங்கியிருக்கலாம். அண்ணனும் தம்பியும் அந்த இடத்தில் ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டு வரலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று கண்மணி முனீஸ்வரரைப் பார்த்துக் கையெடுத்தார்.

விஷாலினி இறங்கி வந்து பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். திவாகரன் பொங்கல் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முன்னால் இப்போது யாரும் நிற்கவில்லை. அவர் காலை வைத்ததும் கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. பழங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நசுங்குகிற சத்தம் நன்றாகக் கேட்டது.

கார் பெரிய ரோட்டுக்கு வந்தது. பாலத்தைத் தாண்டியது. வலது பக்கம் வாய்க்காலும் வயலும் தொடங்கின. தூரத்தில் மழை சாம்பல் நிறத்தில் இறங்குவது தெரிந்தது.

"அங்க எப்பவும் ஒரு லோரி நிக்கும்னு சொல்ல முடியாது" என்றார் செல்லன்.

"என்னண்ணே?"

"அந்த எடம் வந்ததும் என்னை எறக்கி விடு. நான் ரோட்டுல நிக்கிறேன். நீ பின்னால போயி, அவன் வந்த வேகத்துலயே வா."

திவாகரன் வேகத்தைக் குறைத்தார். "அண்ணே, வேணாம்."

"நிக்கும்னு நீதானே சொன்ன? உன் கைப்பட செஞ்சதுதானே?" செல்லன் தம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை. வயலையே பார்த்துக்கொண்டு வந்தார். "என் பிள்ளைகிட்ட அவ்வளவு நம்பிக்கையாச் சொன்னியே. இப்ப எங்கிட்ட சொல்லு. நிக்குமா?"

எந்த வேகத்தில், எந்த ரோட்டில், எத்தனை மீட்டரில் நிற்கும் என்று நாட்டிலேயே அதிகம் தெரிந்த மனிதர் திவாகரன். சோதனைப் பாதையில் துணிப் பொம்மையை நிறுத்திவைத்து, மழை மாதிரி தண்ணீர் பீய்ச்சி, எத்தனையோ தடவை பார்த்தவர். பொம்மையை ஒரு முறைகூடக் கார் தொடாத நாட்கள் உண்டு. தொட்ட நாட்களும் உண்டு.

மடியில் பொங்கல் இன்னும் சூடாக இருந்தது.

முதல் துளி கண்ணாடியில் விழுந்தது. யாரும் தொடாமலே வைப்பர் ஓடத் தொடங்கியது.